உப்பு இறங்கிய தலைச்சுற்று

பாலாவியிலிருந்து கற்பிட்டி வரைக்கும் உப்பு வாங்குகிற முதலாளிமாரைக் கேட்டுப் பாருங்கள். என் உப்பளத்துக்கு அளவுக்கருவி கொண்டு வந்தவர் எவருமில்லை. பாத்தித் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தேனென்றால் போதும். இதில் நாளைக்கு உப்புப் பூக்கும், இது இன்னும் கொஞ்சம் வெயில் காண வேண்டும் என்று சொல்லிவிடுவேன். சொன்னது பிழைத்ததில்லை.

பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. தொண்ணூறில் இயக்கக்காரர் முஸ்லிம்களான எங்களை மன்னாரிலிருந்து வெளியேற்றியபோது, உடுத்த சாரத்தோடும் வயிற்றில் பிள்ளையைச் சுமந்த மனைவியோடும் கரைத்தீவுக்கு வந்து சேர்ந்தேன். மகன் ஓலைக்கொட்டிலில் பிறந்தான். அல்லாஹ் எங்களுக்குத் தந்தது அந்த ஒரு பிள்ளைதான். நான் அடுத்தவர் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரினேன். உள்ளங்கால் வெடித்து, அந்த வெடிப்புக்குள் உப்புத் தண்ணீர் போய் எரிகிற எரிச்சலோடு வருடக்கணக்கில் நின்றேன். பிறகு குத்தகைக்கு எடுத்தேன். பிறகு சொந்தமாக வாங்கினேன். இன்று கடல்நீர் தேங்கிய களப்போரம் நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டுகிற வெள்ளையில் பாதி என்னுடையது. யாரிடமும் கைநீட்டி எதையும் வாங்காமல் அடைந்தது. பெருமையாகத்தான் சொல்கிறேன். மிச்சமிருப்பது அந்தப் பெருமை ஒன்றுதான்.

உப்பளத்தில் வேலை செய்யாதவர்களுக்கு அந்த வெயிலைச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது. வெயில் மேலிருந்து ஒரு முறை அடிக்கும். கீழே கிடக்கிற உப்பில் பட்டு முகத்தில் இன்னொரு முறை அடிக்கும். பலகை பிடித்து உப்பை இழுக்கிறவனின் சட்டை நனைந்து, காய்ந்து, முதுகில் வெள்ளை படிந்து நிற்கும். மத்தியானமாகும்போது எவனாவது ஒருவனுக்குக் கண் இருட்டும். எங்கள் உப்பளத்தில் அதற்கு ஒரு பேர் இருந்தது. உப்பு இறங்கிவிட்டது என்போம். உடம்பிலுள்ள உப்பு வேர்வையோடு இறங்கிவிட்டது, அதை ஏற்ற வேண்டும். ஒரு கோப்பைத் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு, கிடைத்தால் தேசிக்காய்ப் புளி.

ஒரு முறை, புதிதாக வேலைக்கு வந்த ஒருவன் வரப்பில் குந்திவிட்டான்.

"ஹாஜியார், கண் இருட்டிக்கிட்டு வருது."

"உப்பு இறங்கிட்டு. வாயைத் திற."

"நாள் முழுக்க உப்புக்குள்ளதானே நிக்கிறன். எப்பிடி இறங்கும்?"

"காலுக்கு ஏறின உப்பு தலைக்கு ஏறாது. கதைக்காமக் குடி."

குடித்தான். கொஞ்ச நேரத்தில் எழும்பி வேலைக்குப் போனான். வாலிப வயது, நெருப்பு வெயில், நாளெல்லாம் வேர்வை. அவனுக்கு அது சரியான மருந்துதான். இப்படி எத்தனையோ பேரை எழுப்பி விட்டிருக்கிறேன். தலை சுற்றுகிறது என்று எவன் சொன்னாலும் என் கை உப்புக்குத்தான் போகும்.

எனக்குப் பிரஷர் இருக்கிறது என்பது பள்ளிவாசல் வளவில் நடந்த இலவச மருத்துவ முகாமில்தான் தெரிய வந்தது. நான் வைத்தியம் பார்க்கப் போகவில்லை. அன்றைய சாப்பாடு என் செலவு. அது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கப் போனேன். சிலாபப் பக்கத்துத் தாதி ஒருவர் இருந்தார். தமிழும் சிங்களமும் கலந்து கதைப்பார். "ஹாஜியாரும் கையக் குடுங்க" என்றார். சனம் பார்த்துக்கொண்டிருந்தது. கொடுத்தேன். துணிப்பட்டியைச் சுற்றிக் காற்றடித்தார், இறக்கினார், திரும்பவும் அடித்தார்.

"ஹாஜியார், வரக்குள்ள ஓடியா வந்தீங்க?"

"ஓடி வாறதுக்கு எண்ட சாப்பாட்டை எனக்கே பந்தி வச்சா குடுக்கிறீங்க?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என்னைக் கதிரையில் சும்மா இருக்க வைத்து, ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் போன பிறகு மற்றக் கையில் பார்த்தார்.

"மேல இருநூறு, கீழ நூற்றிப்பத்து. ஒங்களுக்குத் தலையிடி இல்லையா?"

"தலையிடி மத்த ஆக்களுக்குக் குடுக்கிற ஆள் நான், மிஸ்."

அதற்கும் சனம் சிரித்தது. உள்ளே இருந்த டொக்டர் தினமும் விழுங்கக் குளிசை எழுதித் தந்தார். உப்பைக் குறைக்கச் சொன்னார். என்னிடம் வந்து உப்பைக் குறைக்கச் சொன்ன முதல் ஆள் நீங்கள்தான் என்றேன். அந்தக் கதையை மாதக்கணக்காகப் போகிற வருகிற இடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

குளிசையைப் போடாமல் விடவில்லை. அதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே நிறையப் பேர் போடாமல் விட்டே கெட்டுப்போனார்கள். நான் போட்டேன். போட்ட ஒன்றிரண்டு நாளில், பாத்தியில் குனிந்து நிமிரும்போது தலை சுற்றியது. வரப்பைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு வேறு யோசனையே வரவில்லை. உப்பு இறங்கிவிட்டது. குவியலிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்து நக்கி, மேலே ஒரு செம்புத் தண்ணீர் குடித்தேன். சுற்று நின்றது. அது தானாகவே நின்றிருக்கும் என்பது இப்போது தெரிகிறது. குளிசை தொடங்கும்போது சிலருக்கு அப்படி வருமாம். டொக்டரிடம் சொன்னால் அளவை மாற்றித் தருவார்களாம். நான் யாரிடம் சொல்ல? எனக்குத் தெரியாத தலைச்சுற்றா?

அன்று தொடங்கியது. காலையில் குளிசை, பத்து மணிக்கு உப்பு. நோன்பு மாதத்தில் குளிசையை மறந்த நாட்கள் உண்டு. விடியுமுன் ஸஹர் சாப்பாட்டோடு உப்புத் தண்ணீரை மறந்ததில்லை. மனைவியிடம் விளங்கப்படுத்தினேன். மருந்து இறக்கும், உப்பு ஏற்றும், நான் இரண்டையும் சமமாக வைத்திருக்கிறேன் என்றேன்.

அவள் மீன் அரிந்துகொண்டே, "அப்ப ரெண்டையும் விட்டாலும் சமந்தானே" என்றாள்.

"ஒனக்கு உப்பளத்தைப் பத்தி என்ன தெரியும்?"

"உப்பளத்தைப் பத்திக் கேக்கல்ல. ஒங்களைப் பத்தித்தான் கேட்டன்."

வருடங்கள் போயின. ஒரு நோவும் இல்லை. நல்ல நித்திரை, நல்ல சாப்பாடு. என் வயதுக்காரர்கள் தடி பிடித்து நடக்க, நான் உப்பு மூட்டையைத் தூக்கி லொறியில் போட்டேன். அதையும் நாலு பேர் பார்க்கத்தான் போட்டேன்.

முதலில் காட்டிக்கொடுத்தது கால். வேலை முடிந்து பூட்ஸைக் கழற்ற முடியவில்லை. மகன் பிடித்து இழுத்தான். கணுக்காலில் விரலை வைத்து அமத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. பிறகு மூச்சு. வரப்பின் பாதித் தூரத்தில் நின்று, கொக்கு பார்க்கிறவன் மாதிரி பாசாங்கு செய்து மூச்சு வாங்கினேன். பிறகு நாக்கு. எதைத் தின்றாலும் துருப்பிடித்த ஆணியைச் சூப்புவது போல் இருந்தது. ஒரு நாள் ஒரு பாத்தியைச் சுவைத்து, நாளைக்கு வாரலாம் என்று சொல்லி ஆட்களைக் கூட்டினேன். விடிந்து பார்த்தால் தண்ணீர் தண்ணீராகவே கிடந்தது. எவரும் ஒன்றும் சொல்லவில்லை. பலகைகளைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்த்து, போத்தலில் சலம் பிடித்துப் பார்த்து, வயிற்றைப் படம் பிடித்தார்கள். டொக்டர் ஒரு பெண்பிள்ளை, என் மகனைவிட இளையவள். நல்ல தமிழ்.

"ஐயா, உங்கட ரெண்டு கிட்னியும் சுருங்கிப் போச்சு."

"எனக்கு இடுப்பில ஒரு நோவும் வந்ததில்லையே."

"நோகாது. பிரஷரும் அப்பிடித்தான், அது உடம்பை அழிச்சு முடிக்கும் வரைக்கும் சத்தம் போடாது."

அவள் ஒரு தாளில் படம் கீறிக் காட்டினாள். படம் எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்ல மனமில்லாமல், வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் உப்பளத்தை வைத்து யோசித்து யோசித்து விளங்கிக்கொண்டேன். அதை இங்கே சொல்கிறேன். என்னைப் போல் படிக்காத ஒருவருக்காவது உதவட்டும்.

களப்புத் தண்ணீரை முதல் பாத்திக்கு ஏற்ற ஒரு பம்பு இருக்கிறது. நெஞ்சுக்குள் இருப்பதும் பம்புதான். அது அடிக்கும்போது குழாய்ச் சுவரில் விழுகிற அமத்தம்தான் பிரஷரின் மேல் எண். அடித்து ஓய்கிற நேரத்தில் நிற்கிற அமத்தம் கீழ் எண். குழாய் இளகலாக இருந்தால் பம்பு நோகாமல் ஓடும். தண்ணீர் கூடினாலும் குழாய் இறுகினாலும் பம்பு முக்கி அடிக்க வேண்டும். முக்கி முக்கி இருதயத்தின் சதை தடிக்கும். கூலிக்காரன் கையில் சதை ஏறுவது போலத்தான், ஆனால் இந்தச் சதை பலத்துக்கு ஏறுவதில்லை. பிறகு அது களைத்துப் போகும். குழாயின் உட்பக்கம் அடி வாங்கி அடி வாங்கி மரத்துத் தடிக்கும். மூளைக்குள் ஒரு குழாய் அடைத்தாலோ வெடித்தாலோ கை கால் விழும். கண்ணுக்குப் பின்னால் வெடித்தால் பார்வை போகும். சிறுநீரகத்துக்குள் மயிரைவிட மெல்லிய குழாய்கள் கட்டு கட்டாக இருக்கின்றனவாம்; இரத்தத்தை வடித்து அழுக்கைச் சலத்தில் விடுவது அவைதான். பலத்த அமத்தத்தில் முதலில் சாவது அந்த மெல்லியவை. அவை செத்தால் உப்பும் தண்ணீரும் வெளியேறாது. வெளியேறாவிட்டால் அமத்தம் இன்னும் ஏறும். ஏறினால் மிச்சமிருப்பதும் சாகும்.

உப்பு தண்ணீரை இழுக்கும் என்று எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. மாரி காலத்தில் கொட்டிலுக்குள் கட்டி வைத்த மூட்டை, ஒரு துளி மழை படாமலே வேர்த்து வழியும். அந்த மூட்டைகளுக்கு நடுவில் படுத்து எழும்பியவன் நான். என் உடம்பும் அப்படி ஒரு மூட்டைதான் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை.

"இப்ப உப்பை முழுசா விட்டா?" என்று அன்றைக்கே, கதிரையை விட்டு எழும்பும் முன் அந்தப் பிள்ளையிடம் கேட்டேன்.

"ஓம் ஐயா, விடத்தான் வேணும். ஆனா போனது திரும்பி வராது."

இரண்டு வழி சொன்னாள். ஒன்று, கிழமைக்கு இரண்டு மூன்று தரம் வந்து மெஷினில் படுத்து இரத்தத்தைக் கழுவுவது. மற்றது, யாராவது ஒரு சிறுநீரகம் தருவது. வீட்டாள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். மனைவிக்குச் சீனி வருத்தம். அதனால் அவள் கணக்கில் வரவில்லை.

எங்கள் வான் வண்டியில் திரும்பும்போது, ஓட்டிக்கொண்டிருந்த மகன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "எண்டதை எடுத்துக்கங்க வாப்பா" என்றான்.

"ஒண்ட கிட்னி என்ன, ட்ரக்டர் சாமானா? கழட்டி மாத்திப் பூட்ட?"

"ரெண்டு இரிக்கிதானே. ஒண்டு சும்மாதானே கிடக்கு."

"சும்மா கிடக்கிறதெல்லாம் வாங்குற ஆளில்ல நான்."

பின் இருக்கையிலிருந்து மனைவி சொன்னாள்: "வாங்கத் தெரியாத ஆளுக்குக் குடுக்கிறதும் ஒரு கஷ்டந்தான். பேசாம இரிங்க."

மூன்று நாள் மறுத்தேன். மூன்று நாளும் மெஷினைப் பற்றியே யோசித்தேன். நாலாம் நாள் சுபஹுத் தொழுகை முடிந்து, பள்ளிவாசல் வாசலில் செருப்பு மாட்டும்போது, பக்கத்தில் நின்றவரிடம் என் வாயாலேயே சொன்னேன்: "மகன் தாறான்." சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. தேத்தண்ணிக் கடையில் சொன்னேன். உப்பு ஏற்ற வந்த லொறிக்காரரிடம் சொன்னேன். நுரைச்சோலையிலிருந்து மரக்கறி கொண்டு வருகிறவரிடம் சொன்னேன். எவன் மகன் தன் உடம்பை வெட்டித் தருகிறான், என் மகன் தருகிறான். இரத்த வகை பொருந்தியது என்று தெரிந்த அன்று ஆடு அறுத்துப் பகிர்ந்தேன். மாரி முடிந்து புதுப் பாத்தி எங்கே வெட்டலாம் என்று மகனோடு நடந்து பார்த்தேன். நடந்தது அவன், நான் வரப்பில் நின்று கையைக் காட்டினேன்.

பிறகு தருகிறவரைச் சோதிக்கிற நாட்கள் வந்தன. அவன் கையில் பட்டி சுற்றினார்கள். இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். இன்னொரு நாளும் வரச் சொன்னார்கள். சலத்தை வாங்கினார்கள். அதன் பிறகு எங்கள் இருவரையும் சேர்த்து அந்த டொக்டர் பிள்ளை உள்ளே கூப்பிட்டாள்.

"தம்பிக்குப் பிரஷர் கூட" என்றாள்.

"படியேறி வந்த, டொக்டர். அதுதான்" என்றான் மகன்.

"மூண்டு நாளும் படியா? சலத்திலயும் புரதம் போகுது. உங்கட கிட்னியிலயும் பிரஷர் வேலை தொடங்கிட்டு. இதில ஒண்டை எடுக்க ஏலாது. எடுத்தா நாளைக்கு நீங்களும் இந்தக் கதிரையில இருப்பீங்க."

 அவள் எழுதிக்கொண்டே அவனிடம் கேட்டாள்: "தலைச்சுத்து ஏதும் வாறதா?"

"வெயிலுக்குள்ள வரும். உப்பு இறங்கினா எல்லாருக்கும் வரும்தானே. கொஞ்சம் உப்புத் தண்ணி குடிச்சாச் சரி. சின்ன வயசில இருந்தே வாப்பா தாறது."

பெருமையாகத்தான் சொன்னான். நோயைப் பற்றி எங்கள் வீட்டிலும் கொஞ்சம் தெரியும் என்று காட்டுகிற குரல். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். டொக்டரும் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். தகப்பனிடமிருந்து இரத்தத்திலும் வரும், உப்பு மட்டும் காரணமில்லை என்று மெதுவாகச் சொன்னாள். என் நல்லதுக்குத்தான் சொன்னாள். இரண்டும் என்னிடமிருந்துதானே வந்தது என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

ஊரில் ஒருவரும் மறுபடி கேட்கவில்லை. நான் சொல்லித் திரிந்ததை எல்லாரும் மறந்தது போல் நடந்துகொண்டார்கள். அந்த இரக்கத்தைவிட ஏளனம் மேல்.

இப்போது என் இடது கையில், மணிக்கட்டுக்கு மேலே, மெஷினுக்கு ஊசி ஏற்றுவதற்காக இரண்டு இரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். தொட்டால் உள்ளே தேனீ இரைவது போல் இரையும். அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது, அதில் பிரஷரும் பார்க்கக் கூடாது. மெஷினில் படுத்தால் கையிலிருந்து என் இரத்தம் சிவப்புக் குழாயில் வெளியே போவதையும், இன்னொரு குழாயில் திரும்பி வருவதையும் பார்த்துக்கொண்டு கிடக்கலாம். குடிக்கிற தண்ணீருக்கு அளவு. வீட்டுக்கு முன்னால் களப்பு முழுக்கத் தண்ணீர் கிடக்கிறது. நான் ஒரு ஐஸ் கட்டியை வாயில் ஒதுக்கி வைத்துக்கொண்டு அதைப் பார்க்கிறேன். கழுவி முடிந்த நாளில் எழும்பி நிற்கச் சக்தியில்லை. அடுத்த நாள் கொஞ்சம் மனிதனாகிறேன். அதற்கடுத்த நாள் திரும்பவும் வான் பயணம்.

இதெல்லாம் போகட்டும். எனக்கு முடிந்துவிட்டது. மகனுக்கு முப்பத்து நாலு வயது. அவனுடைய சிறுநீரகத்தில் இன்னும் நிறைய மிச்சமிருக்கிறது. குளிசையை ஒழுங்காகப் போட்டு, உப்பைக் குறைத்து, கிளினிக்குக்கு வந்தால் அவன் என் வயதிலும் நிமிர்ந்து நிற்பான் என்று டொக்டர் சொன்னாள். அந்த ஒன்றுக்காகத்தான் நான் இப்போது வாயைத் திறக்கிறேன்.

போன கிழமை வானில் போகும்போது மகனிடம் கேட்டேன்.

"குளிசை போட்டியா?"

"போட்டாத் தலை சுத்துது வாப்பா. வரப்பில நிக்க ஏலாது."

"டொக்டரிட்டச் செல்லி மாத்தி எடுக்கலாம். நான் செல்லாம விட்டுத்தான் இப்பிடிக் கிடக்கிறன்."

"மாரி வர முன்னம் வாரி முடிக்கணும். ஆக்கள் இல்ல. பிறகு பாப்பம்."

"பிறகு பாக்க ஒனக்கு என்ன இரிக்கும்? உப்பு இரிக்கும், நீ இரிக்க மாட்டா."

அவன் சிரித்தான். கோபமாகவும் இல்லை, மரியாதைக் குறைவாகவும் இல்லை.

"நீங்க இந்த வயசு வரைக்கும் நிண்டீங்கதானே வாப்பா. மூட்டை தூக்கி லொறியில போட்டீங்க. எனக்கும் அவ்வளவு காலம் கிடைச்சாக் காணும்."

மனைவி பின்னாலிருந்து விசும்பினாள். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். முப்பது வருடமாக அவன் காதில் நான் ஓதியதெல்லாம் நின்ற கதையும் தூக்கிய கதையும்தான். அவற்றுக்கு எதிராகச் சொல்ல என்னிடம் வேறு கதை ஏதும் இல்லை. சொன்னாலும், மெஷினுக்குப் போகிற கிழவன் பயத்தில் சொல்கிறான் என்றுதான் அவனுக்குப் படும்.

ஆஸ்பத்திரியில் என்னை இறக்கிவிட்டான். பிரஷர் கிளினிக் அதே கட்டடத்தில், இரண்டு கதவு தள்ளி. வாசலில் போட்டிருந்த வாங்குகளில் சனம் இருந்தது. வந்ததுக்கு ஒரு தரம் காட்டிவிட்டுப் போ என்றேன். உப்பளத்தில் லொறி வந்து நிற்கிறது என்றான். என் பையை மனைவியின் கையில் கொடுத்தான். என் சட்டைக் கொலரைச் சரி செய்துவிட்டான். வானைத் திருப்பிக்கொண்டு போனான்.

அடுத்த கிளினிக் வருகிற மாதம். அதற்கும் வரமாட்டான்.